மின்காந்த விசை ஆய்வுப் பெட்டி: குமிழுக்காக வாங்கலாம், கையேட்டுக்காக அல்ல

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியில் ஐந்து கருவிகள் இருக்கின்றன. ஒன்று அருமை, இரண்டு நன்று, ஒன்று பரவாயில்லை, ஒன்று வீண். கூடவே வரும் கையேட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தனியாக வசை வைத்திருக்கிறேன்.

மேல்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித்தருவது என் வேலை. காந்தப்புலத்தில் மின்னோட்டத்தின் மீது ஏற்படும் விசையைப் பெரும்பாலான வகுப்புகளில் இடது கை விரல்களை விரித்துக் காட்டியே முடித்துவிடுகிறார்கள். விரல் கணக்கு மதிப்பெண் வாங்கித் தரும். ஆனால் ஒரு விசை, தள்ளப்படும் பொருள் போகும் திசையிலும் இல்லாமல், புலத்தின் திசையிலும் இல்லாமல், இரண்டுக்கும் குறுக்கே ஏன் வந்து நிற்கிறது என்ற வியப்பை அது மாணவனிடமிருந்து பறித்துவிடுகிறது. அந்த வியப்பைக் கண்ணால் பார்க்க வைக்க முடியுமா என்பதுதான் இந்தப் பெட்டியிடம் நான் வைத்த ஒரே கேள்வி. தயாரிப்பாளர் பெயரை எழுதப்போவதில்லை. ஏறக்குறைய இதே பாகங்களைப் பல பெயர்களில் விற்கிறார்கள். நான் சொல்லும் குறைநிறைகள் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சரிபார்க்கத் தக்கவை.

உள்ளே இருப்பவை: வாயு நிரப்பிய எலக்ட்ரான் கற்றைக் குமிழும் அதைச் சூழ நிற்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் இணையும் (ஒரே அச்சில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஒத்த கம்பிச் சுருள்கள்), மின்னோட்டத் தராசுக்கான காந்தமும் கம்பிச் சட்டங்களும், இணையாகத் தொங்கவிடும் அலுமினியத் தகடு நாடாக்கள், ஹால் உணரி பொருத்திய புல அளவி, கடைசியாக, தண்டவாளமும் அதன்மேல் உருளும் பித்தளைத் தண்டும். மின்வழங்கி பெட்டியில் கிடையாது. குமிழுக்கு மட்டுமே மூன்று தனித்தனி வழங்கல்கள் வேண்டும்: இழையைச் சூடேற்ற 6.3 வோல்ட், எலக்ட்ரான்களை முடுக்க 150 முதல் 300 வோல்ட் வரை, சுருளுக்கு 2 ஆம்பியர் வரை தரக்கூடிய தாழ்மின்னழுத்தம். இதை அட்டைப்பெட்டியின் மீது பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

குமிழைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கண்ணாடி உருண்டைக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹீலியம். நடுவில் சின்னஞ்சிறு எலக்ட்ரான் துப்பாக்கி. இழையைச் சூடாக்கி ஓரிரு நிமிடம் பொறுத்து, பிறகு முடுக்கு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால், துப்பாக்கியின் வாயிலிருந்து பச்சை கலந்த நீல நிறத்தில் ஒரு நேர்கோடு நீள்கிறது. எலக்ட்ரானை யாரும் பார்ப்பதில்லை. அது மோதிக் கிளர்த்திய ஹீலியம் அணுக்கள் விடும் ஒளிதான் தெரிகிறது. வாயுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிக் கற்றை விரிந்துபோகாமல், வழியில் உண்டான நேர் அயனிகள் அதை இழுத்துக் கட்டி வைக்கின்றன. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது சுருளில் மின்னோட்டத்தை ஏற்றுங்கள். கோடு வளைகிறது. இன்னும் ஏற்றினால் வளைந்து வளைந்து தன் வாலைத் தானே தொட்டு முழு வட்டமாகிவிடுகிறது. அந்த நொடியில் வகுப்பில் பேச்சு நின்றுபோகும். திசைவேகத்துக்கு எப்போதும் செங்குத்தாக ஒரு விசை இருந்தால் அது வட்டத்தைத்தான் உண்டாக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் புரியாதவனுக்கும் இங்கே புரிகிறது.

எங்கள் பெட்டியில் சுருள் ஒவ்வொன்றும் 130 சுற்று, ஆரம் 15 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவும் அதே 15 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில்தான் நடுப்பகுதியின் புலம் ஏறக்குறைய சீராக இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு ஆம்பியருக்கு 0.78 மில்லிடெஸ்லா. 1.5 ஆம்பியர் செலுத்தினால் 1.17 மில்லிடெஸ்லா. 250 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 94 லட்சம் மீட்டர். இந்த இரண்டையும் வைத்தால் வட்டத்தின் ஆரம் 4.6 சென்டிமீட்டர் வர வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்த அக்கம்பக்கத்தில்தான் வருகிறது. பின்னால் கண்ணாடி பதித்த அளவுகோல் கொடுத்திருப்பது நல்ல யோசனை. கற்றையையும் அதன் பிம்பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் படித்தால் இடமாறு தோற்றப் பிழை போய்விடும். வட்டத்தின் வெளி விளிம்பைத்தான் படிக்க வேண்டும். உட்பக்கம் இருப்பவை வாயு அணுக்களில் மோதி வேகம் இழந்த எலக்ட்ரான்கள்.

இதிலிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள தகவைக் கணக்கிடலாம். 1897இல் ஜே. ஜே. தாம்சன் கத்தோடுக் கதிர்களைக் கொண்டு அளந்த அதே தகவு. ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 1.76 × 10¹¹ கூலும்/கிலோகிராம். எங்கள் மாணவர்களின் விடைகள் பெரும்பாலும் 1.6க்கும் 1.9க்கும் நடுவே விழுகின்றன. பள்ளி ஆய்வகத்துக்கு இது மோசமில்லை, ஆனால் ஏன் விலகுகிறது என்று தெரிந்துகொண்டு விலக வேண்டும். சூத்திரத்தில் புலமும் ஆரமும் இரண்டுமே இருபடியாக வருகின்றன. ஆரத்தில் 2 சதவீதம் பிசகினால் விடையில் 4 சதவீதம் பிசகும். புவியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை. சுருளின் புலத்தோடு ஒப்பிட்டால் சில சதவீதம்தான், ஆனால் அது சுருளின் அச்சோடு சேர்ந்தோ எதிர்த்தோ அமைந்துவிட்டால் விடையை அதைப்போல இரு மடங்கு ஆட்டிவிடும். முழுக் கருவியையும் மேசையோடு 180 பாகை திருப்பி இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால், புவிப்புலத்தின் கிடைக்கூறு தரும் கோளாறு பெருமளவு அடிபட்டுப் போகும். கருவியின் அடித்தளத்தில் வழவழப்பான கால்கள் வைத்திருப்பதால் திருப்புவது எளிது. இதை யோசித்து வைத்தார்களா, தற்செயலா, தெரியவில்லை; பாராட்டிவிடுகிறேன்.

குமிழ் அதன் தாங்கியில் சுழலும். துப்பாக்கியைச் சற்றே திருப்பிக் கற்றையைப் புலத்துக்குச் சாய்வாகச் செலுத்தினால், வட்டம் பிரிந்து மரையாணியின் புரியைப் போலச் சுருண்டு முன்னேறுகிறது. புலத்துக்குச் செங்குத்தான கூறு சுற்றுகிறது, இணையான கூறு எந்த விசையும் அறியாமல் நேரே போகிறது. மலிவான பெட்டிகளில் குமிழை அசையாமல் பொருத்திவிடுகிறார்கள். வாங்கும்போது இதை மறக்காமல் கேளுங்கள். சுழலாத குமிழ் பாதிக் குமிழ்.

குறை இல்லாமல் இல்லை. எங்களுக்கு வந்த பெட்டியில் இரண்டாவது சுருளின் முனைகளில் குறிகள் மாறிப் போயிருந்தன. குறிப்பிட்டபடியே இணைத்தால் இரு சுருள்களின் புலங்களும் எதிரெதிராகி நடுவில் அடிபட்டுப் போகின்றன. 2 ஆம்பியர் ஏற்றியும் கற்றை வட்டமாக மறுக்கிறது. புதிதாக வாங்குகிறவர் குமிழ்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். புல அளவியை நடுவில் பிடித்துப் பார்த்தால் உடனே விளங்கிவிடும்: ஒரு சுருளை மட்டும் இயக்கும்போது காட்டிய அளவு, இரண்டையும் இயக்கும்போது கூட வேண்டும், குறையக் கூடாது. முனைகளை மாற்றி இணைத்து, பழைய குறிகளின் மேல் தாளை ஒட்டிவிட்டோம். இன்னொன்று, முடுக்கு மின்னழுத்த முனைகள் திறந்தபடி இருக்கின்றன. 300 வோல்ட்டை மாணவர் கைபடும் இடத்தில் மூடியில்லாமல் விடுவது அலட்சியம். காப்பு மூடிய செருகிகளை நாங்களே வாங்கிப் போட்டோம்.

அடுத்தது மின்னோட்டத் தராசு. இதற்கு நன்று என்ற இடம். இலாடக் காந்தத்தை எண்ணியல் தராசின் தட்டில் வைத்து, அதன் இடைவெளிக்குள் தாங்கியில் பிடித்த கம்பியை இறக்கி மின்னோட்டம் செலுத்த வேண்டும். புலம் 0.1 டெஸ்லா, இடைவெளிக்குள் நிற்கும் கம்பி 5 சென்டிமீட்டர், மின்னோட்டம் 3 ஆம்பியர் என்றால் விசை 0.015 நியூட்டன், தராசில் சுமார் ஒன்றரை கிராம் கூடும், மின்னோட்டத்தைத் திருப்பினால் அதே அளவு குறையும். 1, 2, 3 ஆம்பியர்களுக்கு 0.51, 1.02, 1.53 என்று எண்கள் நேர்த்தகவில் ஏறுவதைப் பார்க்க மனதுக்கு இதமாக இருக்கிறது. 0.01 கிராம் வரை படிக்கும் தராசு இருந்தால் போதும். தட்டு இரும்பு கலந்ததாக இருந்தால் காந்தத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து உயர்த்துங்கள்.

இதில் தவறாமல் ஒரு மாணவர் கேட்பார்: "விசை கம்பியின் மீதுதானே சார், தராசில் இருப்பது காந்தமாயிற்றே?" நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிட நல்ல சாக்கில் யாரும் நினைவூட்ட முடியாது. கம்பியைத் தாங்கி அசையவிடாமல் பிடித்திருக்கிறது. காந்தம் கம்பியைத் தள்ளும் அளவுக்குக் கம்பி காந்தத்தைத் திருப்பித் தள்ளுகிறது.

குமிழையும் தராசையும் அடுத்தடுத்து வைத்து ஒரு கணக்குப் போட வைப்பது என் வழக்கம். இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு எனக்கு இங்கேதான் இருக்கிறது. தராசில் உள்ள செப்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். செம்பில் ஒரு கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ கட்டிலா எலக்ட்ரான்கள். 3 ஆம்பியரைச் சுமக்க அவை எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும்? நொடிக்கு 0.22 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அந்த வேகத்தில் 0.1 டெஸ்லா புலம் ஒரு எலக்ட்ரானின் மீது செலுத்தும் விசை 3.5 × 10⁻²⁴ நியூட்டன். குமிழில் பறக்கும் எலக்ட்ரானின் மீது 1.8 × 10⁻¹⁵ நியூட்டன், அதாவது 50 கோடி மடங்கு. ஆனால் 5 சென்டிமீட்டர் கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 4.25 × 10²¹. பெருக்கிப் பாருங்கள்: 0.015 நியூட்டன். தராசு காட்டிய அதே எண். மின்னோட்டத்தின் மீது விசை, இயங்கும் மின்னூட்டத்தின் மீது விசை என்று பாடத்தில் இரண்டு தலைப்புகளாகப் பிரித்து வைத்திருப்பது ஒரே விசையைத்தான் என்பதை இந்தப் பெருக்கல் முடித்துவைக்கிறது. இரண்டு கருவிகளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறவர்களுக்கு இது தோன்றவில்லை. கையேட்டில் அவை இருபது பக்கம் தள்ளித் தள்ளி, ஒன்றையொன்று அறியாத மாதிரி கிடக்கின்றன.

அலுமினிய நாடாக்கள் எளிமையானவை, அதனாலேயே எனக்குப் பிடித்தவை. இரண்டு நாடாக்களை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தொங்கவிட்டு, ஒரே திசையில் மின்னோட்டம் செலுத்தினால் நெருங்குகின்றன. எதிர்த் திசையில் செலுத்தினால் விலகுகின்றன. 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று ஓர்ஸ்டெட் கோபன்ஹேகனிலிருந்து அறிவித்தார். அந்தச் செய்தி எட்டிய சில வாரங்களிலேயே பாரிஸில் ஆம்பியர் என்ற அறிஞர் காட்டியது இதைத்தான்: காந்தம் என்று தனியாக எதுவும் இல்லாமலே மின்னோட்டமும் மின்னோட்டமும் ஒன்றையொன்று உணர்கின்றன. 10 ஆம்பியர் வீதம் செலுத்தினால் 30 சென்டிமீட்டர் நாடாவின் மீது விசை 0.0006 நியூட்டன், ஒரு கிராமில் பதினாறில் ஒரு பங்கின் எடை. நாடாவே கிராமில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால் அசைவு நன்றாகத் தெரிகிறது. மின்னோட்டத்தை ஓரிரு நொடிக்கு மேல் ஓடவிடாதீர்கள், நாடா சூடேறும். கிழிந்தால் கவலை இல்லை, எந்த மெல்லிய அலுமினியத் தாளிலிருந்தும் வெட்டிக்கொள்ளலாம்.

புல அளவி பரவாயில்லை. மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும்; ஹால் விளைவு என்ற இது 1879இல் கண்டறியப்பட்டது, எலக்ட்ரான் என்று ஒன்று உண்டு என்று தெரிவதற்கு முன்பே. அதைத் தூண்டுகோலாக வைத்து ஒரு பாடமே நடத்தலாம். கருவி என்று பார்த்தால், சூடேறச் சூடேறச் சுழியம் நகர்கிறது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் சுழியப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. உணரித் தகட்டுக்குச் செங்குத்தான கூறை மட்டுமே அது படிக்கும். சாய்த்துப் பிடித்துவிட்டு எண் குறைகிறதே என்று கேட்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

தண்டவாளம் வீண். பித்தளைத் தண்டு இரண்டு செப்புத் தண்டவாளங்களின் மேல் உருண்டு ஓட வேண்டும். தொடும் இடத்தில் ஆக்சைடு படிந்து தடை ஏறிவிடுகிறது, அல்லது பொறி பறந்து தண்டு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் அந்த வேளைக்கு ஓடும். அடியில் பதித்த காந்தங்களும் வலுவற்றவை. விளம்பரக் காணொளியில் சீறிப் பாய்ந்த தண்டு இங்கே தயங்கித் தயங்கி நகர்கிறது.

இப்போது கையேடு. "சுருளின் மின்னோட்டத்தை அதிகரித்தால் எலக்ட்ரானின் வேகம் அதிகரித்து வட்டம் சிறிதாகும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். வட்டம் சிறிதாகும், உண்மை. வேகம் அதிகரிக்காது, அதிகரிக்கவே முடியாது. காந்த விசை நகர்வின் திசைக்கு எப்போதும் செங்குத்து, அது வேலை எதுவும் செய்வதில்லை, திசையைத்தான் மாற்றும். வேகத்தைத் தீர்மானிப்பது முடுக்கு மின்னழுத்தம் மட்டுமே. சொல்லப்போனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்கூட வேகத்தைப் பொறுத்தது இல்லை. 1.17 மில்லிடெஸ்லாவில் ஏறத்தாழ 30 நானோநொடி, கற்றை வேகமாக இருந்தாலும் மெதுவாக இருந்தாலும். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இயங்குவதே இந்த மாறாத சுற்று நேரத்தால்தான். இதைக் கற்பிக்கக் கையில் கருவி கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இதற்கு நேர் எதிரான வாக்கியத்தையும் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தவறான வாக்கியத்தை அடித்துவிட்டு ஒரு நல்ல கேள்வியை எழுதி வைத்தோம். காந்த விசை வேலை செய்யாது என்றால், தண்டவாளத்தில் தண்டு எப்படி இயக்க ஆற்றல் பெறுகிறது? பதில் மின்கலத்தில் இருக்கிறது. தண்டு நகரத் தொடங்கியதும் உள்ளே உள்ள எலக்ட்ரான்களும் அதோடு பக்கவாட்டில் நகர்கின்றன. அந்த நகர்வின் மீது எழும் விசைக்கூறு மின்னோட்டத்தை எதிர்க்கிறது. மின்கலம் அந்த எதிர்ப்பை வென்று தள்ள வேண்டியிருக்கிறது. ஆற்றலைக் கொடுப்பது மின்கலம், காந்தப்புலம் அதைத் திசைதிருப்பி விடுகிறது. வீண் என்று நான் சொன்ன தண்டவாளம் இந்தக் கேள்விக்காவது உதவிற்று.

கையேட்டில் உள்ள ஆம்பியரின் வரையறையும் பழையது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரு இணைக்கம்பிகள், மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் என்ற 1948ஆம் ஆண்டு வரையறையை இன்றைக்கும் நடப்பில் உள்ளதாகக் கையேடு சொல்கிறது. 2019 மே 20 முதல் ஆம்பியர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலைநிறுத்தியே வரையறுக்கப்படுகிறது. நாடாக்கள் காட்டும் இயற்பியல் மாறிவிடவில்லை, ஆனால் அது இப்போது வரையறை இல்லை, அளவீடு.

விற்பனைக்குப் பிந்தைய சேவையில் குறை சொல்ல மாட்டேன். முதலில் வந்த குமிழில் துப்பாக்கியின் தாங்கி வளைந்திருந்தது. படம் எடுத்து அனுப்பியதும், பழையதைத் திருப்பிக் கேட்காமலே மாற்றுக் குமிழ் அனுப்பினார்கள். சுருள் குறிகள் மாறியிருந்ததை எழுதியபோது மட்டும் பதில் இல்லை.

வாங்குகிறவர்கள் உதிரிக் குமிழையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், தனியாகவும் தருகிறார்கள். இழைதான் முதலில் போகும் உறுப்பு. ஒரு குழு முடித்து அடுத்த குழு வரும் இடைவேளையில் முடுக்கு மின்னழுத்தத்தை முதலில் இறக்கி, பிறகு இழையை அணைக்க வேண்டும். அறையில் திரைச்சீலை இல்லாவிட்டால் கருப்புத் துணி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் அந்த நீல வட்டம் கண்ணுக்குத் தெரியாது.